பன்னிரண்டு கோடுகளும் பீனிக்ஸ் வெயிலும்: முதல் லீஃப் கார்களின் பேட்டரி ஆயுள்

2012ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த பீனிக்ஸ் நகரத்து நிசான் லீஃப் மின்சாரக் கார் உரிமையாளர்கள் சிலர் தங்கள் காரில் ஓட்டுநருக்கு முன்னுள்ள காட்சிப் பலகையில் ஒரு சிறு மாற்றத்தைக் கண்டார்கள். சார்ஜ் அளவைக் காட்டும் கட்டங்களை ஒட்டி, ஓரத்தில் மெல்லியதாக அடுக்கப்பட்டிருந்த பன்னிரண்டு கோடுகளில் உச்சியில் இருந்த ஒன்று அணைந்திருந்தது. இரவு முழுக்க சார்ஜ் போட்டும் அது திரும்ப ஒளிரவில்லை. அந்தக் கோடுகள் அன்றைய சார்ஜைக் காட்டுபவை அல்ல. பேட்டரிக்கு இன்னும் எவ்வளவு கொள்திறன் மிச்சம் இருக்கிறது என்பதைக் காட்டுபவை. லீஃப் விற்பனைக்கு வந்ததே 2010 டிசம்பரில்தான் என்பதால், அந்தக் கார்கள் எவற்றுக்கும் இரண்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. வெயில் தொடரத் தொடர, சிலருக்கு இரண்டாவது கோடும் மூன்றாவது கோடும் அணைந்தன.

உரிமையாளர்கள் கையேட்டைப் புரட்டினார்கள். பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல், அதாவது சுமார் 1,60,000 கிலோமீட்டர், உத்தரவாதம் இருப்பது உண்மைதான். ஆனால் பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்குத்தான் அது பொருந்தும். காலப்போக்கில் கொள்திறன் படிப்படியாகக் குறைவதற்குப் பொருந்தாது என்று அதே உத்தரவாதம் சொன்னது. பிற்காலத்தில் நடந்த வாக்குவாதம் எல்லாம் இந்த ஒரு வரியைச் சுற்றியே நடந்தது என்று சொன்னால் மிகையாகாது. பழுது வேறு, தேய்மானம் வேறு என்பதை நாம் டயர் விஷயத்தில் எளிதாக ஒப்புக்கொள்கிறோம்: டயர் வெடித்தால் கடைக்காரரிடம் கேட்கலாம், தேய்ந்தால் கேட்க முடியாது. ஆனால் டயரை மாற்ற ஆகும் செலவு காரின் விலையில் ஒரு சிறு துளி. மின்சாரக் காரின் பேட்டரியோ, அந்தக் காலத்தில், காரின் விலையில் மிகப் பெரிய தனிப் பங்கு. அப்படிப்பட்ட உறுப்பு தேய்வதை ‘இயல்பு’ என்று சொல்லிவிட்டு, எவ்வளவு தேய்வது இயல்பு என்று எழுத்தில் சொல்லாமல் விட்டது தொழில்நுட்பத் தவறு அல்ல, வாக்குறுதியில் இருந்த ஓட்டை.

அந்தப் பேட்டரியின் அமைப்பைச் சற்றுப் பார்த்துவிட வேண்டும். முதல் லீஃபின் பேட்டரித் தொகுதி 24 கிலோவாட் மணி கொள்திறன் உடையது. நிசானும் என்இசி என்ற ஜப்பானிய மின்னணு நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம், ஜப்பானின் ஸாமா நகரில் அதைத் தயாரித்தது. அதற்குள் உறை போட்ட தட்டையான லித்தியம் அயனி செல்கள் 192 இருந்தன. நான்கு நான்காக உலோகப் பெட்டிகளில் அடைத்து, 48 மாட்யூல்களாக அடுக்கியிருந்தார்கள். மின் இணைப்பில் இரண்டிரண்டு செல்கள் பக்க இணைப்பிலும், அப்படிப்பட்ட 96 இணைகள் தொடரிணைப்பிலும் இருந்ததால், மொத்தத்தில் சுமார் 360 வோல்ட் கிடைத்தது. முழுத் தொகுதியும் முந்நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையுடன் இருக்கைகளுக்கு அடியில் காற்றுப் புகாத பெட்டிக்குள் இருந்தது.

தொடரிணைப்பில் உள்ள செல்கள் ஒரே கயிற்றைப் பிடித்து மலையேறும் கூட்டத்தைப் போன்றவை. களைத்தவருக்காக எல்லோரும் நிற்க வேண்டும். 95 இணைகளில் சார்ஜ் மிச்சம் இருந்தாலும், ஒரே ஓர் இணையின் மின்னழுத்தம் கீழ் எல்லையைத் தொட்டுவிட்டால் கட்டுப்பாட்டுக் கணினி காரை நிறுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இணை நிரந்தரமாகக் கெட்டுவிடும். சார்ஜ் ஏற்றும்போதும் இதே கதைதான்: முதலில் நிரம்பும் இணை மற்றவற்றைத் தடுத்துவிடும். ஆகவே ஒரு பேட்டரித் தொகுதியின் ஆயுள் அதன் செல்களின் சராசரி ஆயுள் அல்ல. செல்கள் ஒன்றுபோல் தேய வேண்டும்; அதற்கு அவை ஒரே தரத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும், ஏறத்தாழ ஒரே வெப்பநிலையிலும் இருக்க வேண்டும்.

வெப்பநிலை என்ற சொல்லோடுதான் பீனிக்ஸின் கதை தொடங்குகிறது. லித்தியம் அயனி செல்லில் எதிர்மின்வாய் கிராஃபைட்டால் ஆனது. முதல் முறை சார்ஜ் ஏற்றும்போதே, இரு மின்வாய்களுக்கும் இடையே அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளியின் ஒரு சிறு பகுதி கிராஃபைட்டின் மேற்பரப்பில் சிதைந்து, மிக மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் வேண்டாத ஒன்று அல்ல. அது இல்லாவிட்டால் மின்பகுளி தொடர்ந்து சிதைந்து செல் சில நாட்களில் செத்துவிடும். ஆனால் படலம் உருவாகக் கொஞ்சம் லித்தியம் செலவாகிறது, அந்த லித்தியம் பிறகு எந்நாளும் மின்னோட்டத்துக்குப் பயன்படாது. படலம் முற்றிலும் வளராமல் நின்றுவிடுவதும் இல்லை. மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகிறது. தடித்த படலமே தன் வளர்ச்சியைத் தானே மட்டுப்படுத்துவதால், வளர்ச்சியின் வேகம் ஏறத்தாழ காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறைகிறது. முதல் ஆண்டில் ஏற்படும் இழப்பு பின்னால் வரும் ஆண்டுகளின் இழப்பைவிட அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். முதல் கோடு அணைந்ததும் ‘இந்த வேகத்தில் போனால் ஐந்தாம் ஆண்டில் ஒன்றும் மிஞ்சாது’ என்று நேர்கோட்டுக் கணக்குப் போட்டவர்களின் அச்சம் அந்த அளவுக்குப் பிசகானது.

ஆனால் அச்சத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வேதிவினைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தோராய விதிப்படி, வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும். பீனிக்ஸில் ஆண்டுக்கு நூறு நாட்களுக்கு மேல் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. கருந்தார்ச் சாலையின் மேற்பரப்பு அதைவிட மிக அதிகமாகச் சுடும். இருக்கைக்கு அடியில் தொங்கும் முந்நூறு கிலோப் பெட்டி அந்தச் சூட்டை மெதுவாக வாங்கி, இன்னும் மெதுவாக விடுகிறது. கோடை இரவுகளும் அங்கே குளிர்வதில்லை என்பதால், பேட்டரிக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வு இரவிலும் கிடைக்கவில்லை. இது கார் ஓடும்போது மட்டும் நடக்கும் தேய்மானம் அல்ல. அலுவலக வாசலில் சும்மா நிற்கும்போதும் நடக்கிறது. முழு சார்ஜோடு நின்றால் இன்னும் வேகமாக நடக்கிறது.

இந்தப் பொது விதிக்கு மேல், லீஃப் தேர்ந்தெடுத்த வேதியியலுக்கே உரிய ஒரு பலவீனமும் இருந்தது. அதன் நேர்மின்வாய் பெரும்பாலும் லித்தியம் மாங்கனீசு ஆக்சைடு. கோபால்ட்டைவிட மலிவு, வெப்பத்தால் கட்டுமீறித் தீப்பிடிக்கும் அபாயம் குறைவு, திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டாலும் தரும். முதல் தலைமுறைப் பொறியாளருக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு கிடைத்திருக்காது. ஆனால் சூடு ஏறினால், மின்பகுளியில் தடயமாக இருக்கும் ஈரம் உண்டாக்கும் அமிலம் மாங்கனீசைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த மாங்கனீசு நேர்மின்வாயை விட்டுப் போவதோடு நிற்பதில்லை. எதிர்ப்பக்கம் சென்று கிராஃபைட்டின் மேல் படிந்து, முன்னே சொன்ன படலத்தை மேலும் வளரத் தூண்டுகிறது. ஒரு பக்கத்து இழப்பு மறுபக்கத்து இழப்பைப் பெருக்கும் இந்தக் கூட்டு விளைவு, மிதமான தட்பவெப்பத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கும்; பாலைவனத்தில் ஒரே கோடையில் கோடுகளாகத் தெரிந்தது.

அப்படியிருக்க ஏன் குளிர்விப்பு இல்லை என்ற கேள்வி எழும். லீஃபின் பேட்டரிப் பெட்டிக்குள் குளிர்நீர்க் குழாய் இல்லை, விசிறிகூட இல்லை. தட்டையான செல்கள் சூட்டை எளிதில் வெளியே கடத்திவிடும், ஓட்டும்போது உண்டாகும் வெப்பமும் குறைவு, குழாய் இல்லாவிட்டால் கசிவும் இல்லை, எடையும் விலையும் மிச்சம் என்பதே வடிவமைப்பின் தர்க்கம். ஓடும்போது உண்டாகும் வெப்பத்தைப் பொறுத்தவரை அந்தத் தர்க்கம் பெரிதும் சரியே. வெளியிலிருந்து வரும் வெப்பத்தை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அல்லது போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் வாசிப்பு.

அதே 2010 டிசம்பரில் சந்தைக்கு வந்த செவ்ரலே வோல்ட் வேறு வழியில் போனது. அது பெட்ரோல் எஞ்சினும் உடைய கார், பேட்டரி 16 கிலோவாட் மணிதான். ஆனால் செல்களுக்கு இடையே குளிர்திரவம் ஓடியது. அதைவிட முக்கியம், அந்த 16இல் சுமார் 10 கிலோவாட் மணியை மட்டுமே ஓட்டுநர் தொட முடியும். மீதியை மேலும் கீழும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். உச்சி சார்ஜைத் தவிர்த்ததால் தேய்மானம் குறைந்தது. குறைந்த தேய்மானமும் ஒதுக்கீட்டின் பின்னால் மறைந்துகொண்டது. வோல்ட் பேட்டரிகள் ‘தேயவே இல்லை’ என்று அதன் உரிமையாளர்கள் சொன்னதில் பாதி, திறமையான பொறியியல். மறுபாதி, காட்டாமல் வைத்திருந்த இருப்பு. எஞ்சின் துணைக்கு இருந்ததால் அந்த ஆடம்பரத்துக்கு அவர்களால் இடம்கொடுக்க முடிந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் மதிப்பீட்டில் 117 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் லீஃபால் மூன்றில் ஒரு பங்கைப் பூட்டி வைக்க முடியுமா?

இங்கே எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முழு சார்ஜுக்கு 117 கிலோமீட்டர் போகும் கார் 1,60,000 கிலோமீட்டரை எட்ட சுமார் 1,370 முழுச் சுற்றுகள் தேவை. 2008இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் ஒரு சார்ஜுக்கு ஏறத்தாழ 390 கிலோமீட்டர் ஓடியது. அதற்கு அதே தொலைவுக்கு 410 சுற்றுகள் போதும். மடிக்கணினிகளில் இருப்பது போன்ற சிறு உருளை செல்கள் 6,831 சேர்ந்த, 53 கிலோவாட் மணி கொண்ட, திரவத்தால் குளிர்விக்கப்பட்ட அந்தத் தொகுதியைப் பற்றி, மின்சாரக் கார்களுக்காகக் குரல் கொடுக்கும் பிளக் இன் அமெரிக்கா அமைப்பு 2013இல் உரிமையாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், ஒரு லட்சம் மைல் கடந்தபின் 80 முதல் 85 விழுக்காடு கொள்திறன் மிஞ்சும் என்று தெரிந்தது. வெப்பப் பகுதியா குளிர்ப் பகுதியா என்பதால் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. மடிக்கணினி செல்கள் காருக்கு ஆகாது என்று ஏளனம் செய்தவர்களுக்கு அது எதிர்பாராத முடிவு. ஆனால் அந்தச் சாதனையில் பாதிப் பெருமை பேட்டரியின் பருமனுக்கே சேரும். பெரிய பேட்டரி, சிறிய பேட்டரியைவிடச் சோம்பலாக வாழ்கிறது.

நீண்ட ஆயுள் இருந்தால் நம்பகத்தன்மையும் இருக்கும் என்று கொள்ளக் கூடாது என்பதற்கும் ரோட்ஸ்டரே சாட்சி. சார்ஜ் குறைந்த நிலையில் அதைச் சொருகாமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், உள்ளே ஓயாமல் இயங்கும் கருவிகள் மிச்ச மின்சாரத்தையும் உறிஞ்சி, தொகுதி மீட்க முடியாதபடி செத்துவிடும். அதை உத்தரவாதம் ஏற்காது. 2012 தொடக்கத்தில் இது வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையானது.

இவற்றுக்கு முன்பே ஒரு நல்ல முன்னுதாரணம் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். 1990களின் இறுதியில் டொயோட்டா கலிஃபோர்னியாவில் விட்ட ராவ்4 மின்சாரக் கார்கள் நிக்கல் உலோக ஹைட்ரைடு பேட்டரியில் ஓடின. சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் மின் நிறுவனம் தன் வாகனக் கூட்டத்தில் ஐந்தைத் தனியாகக் கண்காணித்ததில், அவை ஒரு லட்சம் மைலைக் கடந்து ஓடின. அதே காலத்து ஈயப் பேட்டரிக் கார்களுக்கும், 2001இல் பெங்களூரில் பிறந்த ரேவாவுக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுவது தேதி குறித்த செலவு. யாரும் அதைத் துரோகம் என்று எண்ணவில்லை. லித்தியம் மீது மக்கள் வைத்த எதிர்பார்ப்பே வேறாக இருந்தது.

கோடுகளுக்குத் திரும்புவோம். பன்னிரண்டு கோடுகள் என்றதும் ஒவ்வொன்றும் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று யாரும் நினைப்பார்கள். உண்மையில் முதல் கோடு அணைய 15 விழுக்காடு இழக்க வேண்டும். அதற்குப் பின் ஒவ்வொன்றுக்கும் 6.25 விழுக்காடு. புதுக் காரின் முதற்கட்ட இழப்பு உரிமையாளரைக் கலவரப்படுத்தாமல் இருக்க இது உதவியது. விளைவோ எதிரானது. முதல் கோடு போனவர் ‘எட்டு விழுக்காடு போயிற்று’ என்று நினைத்தார், போனது ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டாம் கோடு விரைவில் தொடர்ந்தபோது பேட்டரி சரிந்து விழுகிறது என்று தோன்றியது. மிச்ச தூரத்தைக் காட்டும் எண்ணை உரிமையாளர்கள் கேலியாக ‘ஊகமானி’ என்ற பொருளில் அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். நம்பகமான எண் வேண்டி, காரின் கணினியிலிருந்து நேரடியாகத் தரவை இழுக்கும் லீஃப் ஸ்பை போன்ற செயலிகளுக்கு அவர்கள் மாறினார்கள்.

நிசான் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஏழு கார்களை எடுத்து, அரிசோனாவில் காசா கிராண்டே அருகே உள்ள தன் சோதனைக் களத்தில் ஆராய்ந்தது. பேட்டரிகளில் குறைபாடு இல்லை, வெயிலாலும் அதிக ஓட்டத்தாலும் நேர்ந்த இழப்பே என்பது அதன் முடிவு. உலகச் சராசரியாக ஐந்து ஆண்டில் 80 விழுக்காடு மிஞ்சும் என்று எதிர்பார்த்த இடத்தில், பீனிக்ஸ் கார்கள் சராசரியாக 76இல் நிற்கும் என்றும் அது கூறியது. சராசரியை வைத்து, சராசரிக்கு வெளியே இருப்பவருக்குப் பதில் சொல்வது எப்போதும் சினத்தைத்தான் கிளப்பும். வழக்கு தொடுக்கப்பட்டது. 2012 டிசம்பரில் நிசான் இறங்கி வந்தது: ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் கோடுகள் ஒன்பதுக்குக் கீழே போனால், குறைந்தது ஒன்பதுக்கு மீட்டுத் தருவோம் என்று அறிவித்தது. ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் அது பொருந்தியது. கொள்திறன் தேய்மானத்துக்கு எழுத்தில் ஓர் எல்லை வகுத்த இந்த அறிவிப்பே, பேட்டரியில் பின்னர் செய்த எந்த மாற்றத்தையும்விடப் பெரிய முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன். இன்று மின்சாரக் கார் விற்கும் நிறுவனங்கள் எட்டு ஆண்டு, 70 விழுக்காடு என்று இயல்பாகச் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

வெயில்தான் குற்றவாளி, வேகச் சார்ஜ் அல்ல என்பதைப் பின்னர் ஐடஹோ தேசிய ஆய்வகத்தின் சோதனை ஒன்று நன்றாகவே காட்டியது. பீனிக்ஸ் சாலைகளில் 2012ஆம் ஆண்டு லீஃப் கார்கள் நான்கை ஓட்டி, இரண்டுக்கு வழக்கமான சார்ஜும், இரண்டுக்கு வேக சார்ஜும் கொடுத்தார்கள். 50,000 மைல் ஆனபோது நான்கும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்திருந்தன. வேக சார்ஜ் கார்கள் சில விழுக்காடு மட்டுமே கூடுதலாக இழந்திருந்தன.

கட்டுப்பாட்டு விதிகள் பேட்டரியின் ஆயுளுக்கு எதிராக வேலை செய்த ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். முதல் லீஃப்களில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி இருந்தது. பேட்டரிக்கு அது நல்ல பழக்கம். ஆனால் அமெரிக்க அரசின் மதிப்பீட்டு முறை, அந்த வசதி இருந்த காரணத்தால், 2013 மாதிரிக்கு 80 விழுக்காட்டுத் தொலைவையும் முழு சார்ஜ் தொலைவையும் சராசரியாக்கி 75 மைல் என்று பதிந்தது. 2014 மாதிரியில் அமெரிக்காவில் அந்த வசதி நீக்கப்பட்டது. விளம்பரத் தொலைவு 84 மைலாக உயர்ந்தது. பேட்டரி மாறவில்லை.

2014இல் புதுத் தொகுதிக்கு, பழையதைத் திருப்பிக் கொடுத்தால், 5,499 டாலர் என்று விலை அறிவிக்கப்பட்டது. வெப்பத்தைத் தாங்கும்படி வேதியியல் திருத்தப்பட்டு 2015 மாதிரியில் வந்த பேட்டரிக்கு ‘பல்லி பேட்டரி’ என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. குளிர்விப்பு அப்போதும் சேர்க்கப்படவில்லை.

பீனிக்ஸின் பாடம் இலங்கையில் வேறு வடிவில் திரும்ப வந்தது. மின்சாரக் கார்களுக்கான இறக்குமதி வரி குறைக்கப்பட்டபோது, 2015ஐ ஒட்டிய காலத்தில், ஜப்பானில் ஓட்டிய லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் கொழும்புக்கு வந்திறங்கின. கொழும்பு பீனிக்ஸைப் போல் கொதிப்பதில்லை. ஆனால் அங்கே பேட்டரி இளைப்பாறக் குளிர்காலமும் இல்லை. பயன்படுத்திய காராக வந்ததால், தேய்மானத்துக்கான உத்தரவாதம் வாங்கியவரின் கைக்கு வந்து சேரவில்லை. பழைய லீஃப் விற்கும் நாடுகள் பலவற்றில், கட்டுப்பாட்டுக் கணினியை மீளமைத்துப் பன்னிரண்டு கோடுகளையும் மீண்டும் எரியவிட்டு விற்ற மோசடியும் நடந்தது. சில வாரம் ஓட்டியதும் கணினி உண்மையைக் கண்டுபிடித்து, கோடுகள் ஒவ்வொன்றாக அணையும்.

அளவுமானி எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். 2018இல் நியூசிலாந்து உரிமையாளர்களின் தரவைத் தொகுத்த ஆய்வு, புதிய 30 கிலோவாட் மணி லீஃப்கள் பழைய 24ஐவிட மும்மடங்கு வேகத்தில் தேய்வதாகக் காட்டியது. நிசான் ஆராய்ந்தபோது, தேய்ந்தது பேட்டரி அல்ல, அதை அளக்கும் மென்பொருளின் கணிப்பு என்று தெரிந்தது. மென்பொருளைத் திருத்தியதும் பெரும்பாலான ‘இழப்பு’ மறைந்தது.

அப்படியானால் பழுது எவ்வளவு? ஐரோப்பாவில் விற்ற 35,000 லீஃப்களில் மூன்றின் பேட்டரி மட்டுமே பழுதானதாக நிசான் 2015இல் அறிவித்தது. பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. எந்தப் பெட்ரோல் எஞ்சினும் இந்த எண்ணைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். பீனிக்ஸ் உரிமையாளரின் புகாரும் பொய் அல்ல, இந்த எண்ணும் பொய் அல்ல. ஒன்று தேய்மானத்தைப் பற்றியது, மற்றது பழுதைப் பற்றியது.

பழுதாகாமல் தேய்ந்தது என்பதாலேயே அந்தத் தொகுதிகளுக்கு இரண்டாம் வாழ்வும் கிடைத்தது. 2018இல் ஃபுகுஷிமா மாகாணத்து நாமியே நகரில் நிசானும் சுமிட்டோமோ என்ற ஜப்பானிய வணிக நிறுவனமும் நடத்தும் ஆலை, கழற்றிய லீஃப் தொகுதிகளின் 48 மாட்யூல்களையும் தனித்தனியே அளந்து தரம் பிரிக்கத் தொடங்கியது. நன்றாக இருப்பவை மீண்டும் கார் தொகுதியாகச் சேர்க்கப்பட்டு, ஜப்பானில் மூன்று லட்சம் யென்னுக்கு விற்கப்பட்டன. புதியதின் விலையில் அது பாதிக்கும் கீழே. நடுத்தரமானவை சரக்குத் தூக்கும் வண்டிகளுக்குப் போயின. கிழக்கு ஜப்பான் ரயில் நிறுவனம் இன்னும் சிலவற்றை ஜோபன் ரயில் தடத்தின் கடவுப்பாதைகளில் சோதித்தது. மின்சாரம் போனால் கதவை இறக்கவும் மணி அடிக்கவும் அங்கே முன்பு ஈயப் பேட்டரிகள் இருந்தன.